ஜெர்மன் வேற்றுமைகளை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்

நர்ஸ் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மனி போவதற்காக மொழி வகுப்பில் சேர்ந்திருப்பவர்களுக்கும் சேரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மொழித் தேர்ச்சியின் முதல் படியான ஏ1 வரை எல்லாம் சுமுகமாகத்தான் போகும். அடுத்த படியான ஏ2 பாதியில், நம் நான்காம் வேற்றுமை (கு) போன்ற டாட்டிவ் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். பி1 வரும்போது கூடப் படித்தவர்களில் சிலர் நின்றுபோயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் 'நமக்கெல்லாம் மொழி வராது' என்று தங்களையே குறைத்துப் பேச ஆரம்பித்திருப்பார்கள். எழுத்துத் தேர்வில் தவறித் திரும்பக் கட்டிய கட்டணம், வேலையை விட்டுவிட்டுப் படித்த மாதங்களின் சம்பளம், சான்றிதழ் தாமதமானதால் தள்ளிப்போன விசா, எல்லாவற்றையும் நானும் தனியாக நின்று பார்த்தாயிற்று. பணம் போனதைவிட அந்த மனச்சோர்வுதான் அதிகம் வலித்தது. அது தேவையே இல்லாத வலி என்று இப்போது தெரிகிறது. யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஜெர்மன் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பாடப்புத்தகத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு எங்கே என்றால், பாடம் ஆங்கிலம் வழியாக வருகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் வேற்றுமை உருபு ஏறக்குறைய அழிந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ஜெர்மனைப் போலவே நான்கு வேற்றுமைகள் இருந்தன. 'அவனை' என்பதற்கு 'ஹினெ', 'அவனுக்கு' என்பதற்கு 'ஹிம்' என்று தனித்தனி வடிவங்கள். பிறகு 'ஹிம்' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது, 'ஹினெ' போய்விட்டது. அந்த வேறுபாட்டையே இழந்துவிட்ட மொழியில் டாட்டிவை விளக்க வேண்டுமானால், ஆசிரியர் 'இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்' என்று ஒரு பெயர் சொல்லிவிட்டுப் பதினாறு கட்டம் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வார். அவருக்கும் வேறு வழியில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தமிழருக்கு 'அவனை'யும் 'அவனுக்கு'ம் வேறு வேறு என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஐ, ஒடு, கு, இன், அது, கண் என்று உருபுகளையே பெயராக வைத்து வேற்றுமைகளைத் தொல்காப்பியம் வகுத்தது. எழுவாயையும் விளியையும் சேர்த்து எட்டு. பள்ளியில் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். அதை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்குள் நுழைவதுதான் இங்கே நடக்கிறது.

முதலில் ஏ1. பெயருக்கு முன் வந்து பாலையும் வேற்றுமையையும் காட்டும் சின்னச் சொல்லின் அட்டவணையில் கட்டம் பதினாறு (நான்கு வேற்றுமைக்கும் மூன்று பால், ஒரு பன்மை) என்றாலும் அதில் வருகிற வடிவங்கள் ஆறுதான்: டேர், டீ, டாஸ், டேன், டேம், டெஸ். இரண்டாம் வேற்றுமையான அக்குஸாட்டிவில் மாறுவது ஆண்பால் ஒருமை மட்டும். டேர் என்பது டேன் ஆகும், ஐன் ('ஒரு') என்பது ஐனன் ஆகும். பெண்பால், அஃறிணைப்பால், பன்மை மூன்றும் அப்படியே இருக்கும். இவ்வளவு சின்ன மாற்றத்தில் நாம் ஏன் தொடர்ந்து தவறுகிறோம்? காரணம் தமிழில் இருக்கிறது. தமிழில் ஐ உருபு எப்போதும் வருவதில்லை. 'பையனைப் பார்த்தேன்' என்பதில் ஐ கட்டாயம். 'தண்ணீர் குடித்தேன்' என்பதில் தேவையில்லை. 'தண்ணீரைக் குடித்தேன்' என்றால் குறிப்பிட்ட ஒரு தண்ணீர். ஆள் என்றாலோ, குறிப்பிட்ட பொருள் என்றாலோதான் நாம் உருபு வைக்கிறோம். ஜெர்மன் இதைப் பார்ப்பதில்லை. செயப்படுபொருள் ஆண்பாலா, டேன் போட்டே ஆக வேண்டும்.

இதைவிட மோசமான இடம் மூன்று வினைகளில் இருக்கிறது: ஹாபன் (வைத்திருத்தல்), பிரவுஹன் (தேவைப்படுதல்), எஸ் கிப்ட் (இருக்கிறது). 'எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது', 'எனக்கு ஒரு மருத்துவர் வேண்டும்', 'இங்கே ஒரு மருத்துவர் இருக்கிறார்' என்கிற தமிழ் வாக்கியங்களில் அப்பாயின்ட்மென்டும் மருத்துவரும் எழுவாய் போலவே உருபில்லாமல் நிற்கின்றன. அதே நினைப்பில் 'இஹ் ஹாபெ ஐன் டெர்மீன்' என்று வாயில் வந்துவிடும். ஜெர்மனுக்கு டெர்மீன் (அப்பாயின்ட்மென்ட்) செயப்படுபொருள், அதுவும் ஆண்பால். 'இஹ் ஹாபெ ஐனன் டெர்மீன்' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழர்கள் எழுதிய கட்டுரைகளை வாங்கிப் பாருங்கள், ஆண்பால் அக்குஸாட்டிவ் பிழைகள் இந்த மூன்று வினைகளுக்குப் பின்னால்தான் குவிந்து கிடக்கும். இவற்றுக்கு மட்டும் தனியாக வாக்கியங்கள் எழுதிப் பழகினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள். பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசியில் வரும் ம், ன் இரண்டையும் நாம் முழுதாகச் சொல்வதில்லை. 'மரம்', 'அவன்' என்று எழுதினாலும் பேசும்போது கடைசி மெய் கரைந்து, உயிர் மட்டும் மூக்கில் ஒலிக்கும். அந்தப் பழக்கத்தோடு அக்குஸாட்டிவ் டேன், டாட்டிவ் டேம் இரண்டையும் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். நீங்கள் சரியான வேற்றுமையைத்தான் நினைத்திருப்பீர்கள், ஆனால் பேச்சுத் தேர்வில் அது காதில் விழாது. டேம் என்னும்போது உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். டேன் என்னும்போது நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட வேண்டும். கண்ணாடி முன் நின்று மிட் டேம், ஃபொன் டேம், பை டேம் என்று உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். காதுக்கும் இதே பயிற்சிதான். ஜெர்மானியர்கள் வேகமாகப் பேசும்போது ஐனம் என்பது 'நம்' ஆகவும், ஐனன் என்பது 'நன்' ஆகவும் சுருங்கும். நமக்கு உருபு சொல்லின் கடைசியில் வரும், அதனால் நம் காது கடைசியில்தான் காத்திருக்கும். ஜெர்மனில் வேற்றுமை பெயருக்கு முன்னால், அழுத்தமில்லாத ஒரு சின்ன அசையில் கடந்துபோய்விடும்.

ஏ2-இல் டாட்டிவ். எல்லோரும் பயப்படும் இந்த இடத்தில்தான் தமிழ் நமக்கு அள்ளிக்கொடுக்கிறது. மீர் என்றால் 'எனக்கு'. 'எனக்குக் குளிர்கிறது' என்பது 'மீர் இஸ்ட் கல்ட்'. 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்பது 'மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மீர் டூட் டேர் கொப்ஃப் வே'. 'எனக்குப் பிடிக்கிறது' என்பதும் டாட்டிவ்தான். ஆங்கிலம் வழியாக வந்தவர் இஹ் ('நான்') போட்டு 'இஹ் பின் கல்ட்' என்று ஆரம்பிப்பார். அதை ஜெர்மானியர் 'நான் இரக்கமற்றவள்' என்கிற மாதிரிப் புரிந்துகொள்வார். உணர்கிற ஆளுக்கு கு உருபு வைப்பது நம் மொழியின் இயல்பு, ஜெர்மனிலும் அது பாதி உயிரோடு இருக்கிறது. பாதிதான், ஏனென்றால் அங்கே அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'மிஹ் ஹுங்கர்ட்' ('என்னைப் பசிக்கிறது') என்று உருபோடு சொல்லப்பட்டது இன்று பழைய நடை. 'இஹ் ஹாபெ ஹுங்கர்' என்று எழுவாயாக்கிவிட்டார்கள். எனவே பசி, தாகம், காய்ச்சல், பயம் நான்குக்கும் ஹாபன் போடுங்கள். 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'இஹ் வைஸ்' என்று எழுவாயாகவே சொல்லுங்கள். குளிர், தலைசுற்றல், குமட்டல், வலி, பிடித்தல் இவற்றுக்குத் தமிழை நம்பி மீர் போடலாம். வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது 'உங்களுக்கு பிரஷர் பார்க்கிறேன்' என்போமே, அங்கேயும் ஜெர்மன் டாட்டிவில்தான் 'ஈனன்' என்கிறது.

டாட்டிவ் எடுக்கும் வினைகள் என்று ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்து உருப்போடச் சொல்வார்கள். முழுதாக உருப்போடாதீர்கள். ஒவ்வொரு வினையையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். உதவுவது (ஹெல்ஃபன்) அவருக்கு, நன்றி சொல்வது (டங்கன்) அவருக்கு, பதில் சொல்வது (அன்ட்வொர்டன்) அவருக்கு, சொந்தமாக இருப்பது (கெஹ்யோரன்) அவருக்கு, பொருந்துவது (பாஸன்) அவருக்கு. இவை எல்லாம் தாமாகவே சரியாக வந்துவிடும். பொருந்தாதவை சிலதான். நம்புவது தமிழில் அவரை, ஜெர்மனில் கிளவுபன் அவருக்கு. பின்தொடர்வது அவரை, ஃபோல்கன் அவருக்கு. சந்திப்பது அவரை, பெகேக்னன் அவருக்கு. அவர் சொல்வதைக் கேட்பது, ட்ஸூஹ்யோரன் அவருக்கு. எதிர்ப்பக்கமாக இரண்டு முக்கியமானவை உண்டு: 'மருத்துவரிடம் கேட்டேன்' என்பதில் நமக்கு இடம் உருபு, ஃபிராகனுக்கோ அக்குஸாட்டிவ், அதாவது டேன் ஆர்ட்ஸ்ட் ('மருத்துவரை'). 'மருத்துவருக்கு போன் செய்தேன்' என்பதில் நமக்கு கு, அன்ரூஃபனுக்கு அதே டேன் ஆர்ட்ஸ்ட். மருத்துவமனையில் தினமும் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் இவை இரண்டும். தமிழை அப்படியே வைத்தால் இரண்டுமே தவறிப்போகும். நோட்டில் இரண்டு நிற மை வைத்துக்கொள்ளுங்கள். தமிழோடு பொருந்துகிறதை ஒரு நிறத்தில் எழுதிவிட்டு மறந்துவிடலாம், பொருந்தாததை இன்னொரு நிறத்தில் எழுதி அதை மட்டும் மனப்பாடம் செய்யலாம். படிக்க வேண்டிய பாரம் கண்ணுக்கு முன்னால் குறைவதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்தது பிரிபொசிஷன், அதாவது 'முன்', 'பற்றி' போலப் பெயரோடு சேர்ந்து வரும் சொல். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் உடைந்துபோகிறார்கள். 'ஒவ்வொரு பிரிபொசிஷனும் ஒரு வேற்றுமையை எடுக்கும், ஏன் என்று கேட்காதே' என்பார்கள். தமிழிலும் இதே கதைதான் என்பதை யாரும் சொல்வதில்லை. நம் இலக்கணம் சொல்லுருபு என்று சொல்லும் சொற்களைப் பாருங்கள். பற்றி, குறித்து, விட, தவிர, நோக்கி இவற்றுக்கு முன் ஐ வரும்: அவனைப் பற்றி, அவனைவிட. முன், பின், இடையே, எதிரே, பதிலாக இவற்றுக்கு முன் கு வரும்: அவனுக்கு முன், அவனுக்குப் பதிலாக. இருந்து என்பதற்கு முன் இல் அல்லது இடம் வரும். 'அவனுக்குப் பற்றி' என்று நாலு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ஆக, ஒரு சொல் தனக்குப் பிடித்த வேற்றுமையைக் கேட்டு வாங்கும் என்பது நமக்குப் பழக்கமான விஷயம். ஜெர்மனில் அது பெயருக்கு முன்னால் நிற்கிறது, நம்மிடம் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். வினை கடைசியில் வரும் மொழிகளில் இவை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும் என்று மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் பல மொழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். ஜெர்மனில்கூடச் சில பின்னால் நிற்கின்றன: 'என் கருத்துப்படி' என்பதை 'மைனர் மைனுங் நாஹ்' என்பார்கள், 'ஆற்றோரமாக' என்பதை 'டேன் ஃப்ளுஸ் என்ட்லாங்' என்பார்கள்.

'ஏன்' என்று கேட்பதில்தான் பலனே இருக்கிறது. பற்றி ஏன் ஐ கேட்கிறது? அது 'பற்று' என்கிற வினையின் எச்சம். எதை, யாரை என்ற கேள்விக்கு விடை வேண்டும் வினை. சொல்லுருபாக உறைந்த பிறகும் பழைய செயப்படுபொருளை விடவில்லை. நோக்கி, குறித்து, விட, தவிர எல்லாம் இதே வழி. இருந்து என்பது 'இரு' என்பதிலிருந்து வந்ததால் அதற்கு முன் ஓர் இடம் வேண்டும், ஆகவே இல். ஜெர்மனிலும் இதேதான் நடந்திருக்கிறது. வேரென்ட் ('போது, சமயத்தில்') என்பது நீடித்தல் என்னும் வினையின் எச்சம். பழைய வாக்கியங்களில் 'நீடிக்கும் போரின்' என்று கெனிட்டிவில் (நம் 'உடைய' போன்ற வேற்றுமை) நின்ற தொடர் உறைந்துபோய், வேரென்ட் கெனிட்டிவ் எடுக்கும் பிரிபொசிஷன் ஆயிற்று. வேகன் ('காரணமாக') என்பது வழி என்னும் பெயரிலிருந்து வந்தது. பெயருக்கு முன் 'யாருடைய' வரும், ஆகவே கெனிட்டிவ். ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தோண்ட உங்களுக்கு நேரமிருக்காது. ஆனால் இந்த வேற்றுமைத் தேர்வுக்கு ஒரு பழங்காரணம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே, அட்டவணையைப் பார்க்கும்போது வரும் ஆத்திரம் அடங்கிவிடும்.

எப்போதும் டாட்டிவ் எடுப்பவை அவுஸ் (உள்ளேயிருந்து), அவுஸர் (தவிர), பை (அருகில்), மிட் (ஓடு), நாஹ் (பின்), ஸைட் (முதல்), ஃபொன் (இருந்து), ட்ஸு (இடத்துக்கு), கேகன்யூபர் (எதிரே). எப்போதும் அக்குஸாட்டிவ் எடுப்பவை டுர்ஹ் (வழியாக), ஃப்யூர் (ஆக), கேகன் (எதிராக), ஓனெ (இல்லாமல்), உம் (சுற்றி). மருந்துச் சீட்டில் வருகிறவை தமிழோடு அச்சாகப் பொருந்தும்: சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், உணவு வேளைகளுக்கு இடையே, மூன்றுமே நமக்கு கு, ஜெர்மனுக்கு டாட்டிவ். 'மூன்று நாட்களுக்கு முன்' என்பதும் அப்படியே டாட்டிவ்: ஃபோர் டிரை டாகன். இதை 'மூன்று நாட்களாக' என்பதற்கான ஸைட் டிரை டாகனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வந்து போனதா, இன்னும் இருக்கிறதா என்பதே மாறிவிடும். யூபர் என்பது 'பற்றி' என்ற பொருளில் எப்போதும் அக்குஸாட்டிவ், நம் 'அவனைப் பற்றி' போலவே. மாறுபவை: 'அவனுக்காக', 'அவனுக்கு எதிராக' இரண்டும் நமக்கு கு, ஜெர்மனில் ஃப்யூரும் கேகனும் அக்குஸாட்டிவ். 'அவனைத் தவிர' நமக்கு ஐ, அவுஸர் டாட்டிவ். 'பஸ்ஸில் வந்தேன்' என்பதற்கு இன் போடக்கூடாது, மிட் போட வேண்டும்.

இடத்தைப் பொறுத்து இரண்டு வேற்றுமையும் எடுக்கும் ஒன்பது இருக்கின்றன: அன் (ஒட்டி), அவுஃப் (மேல்), ஹின்டர் (பின்னால்), இன் (உள்ளே), நேபன் (பக்கத்தில்), யூபர் (மேலே), உன்டர் (கீழே), ஃபோர் (முன்), ட்ஸ்விஷன் (இடையே). 'அசைவு இருந்தால் அக்குஸாட்டிவ், இல்லாவிட்டால் டாட்டிவ்' என்று ஒரு விதி சொல்வார்கள். அந்த விதியை நம்பிப் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். பூங்காவில் ஓடுவதும் அசைவுதான், ஆனால் டாட்டிவ்; ட்ஸு போகிற திசையைச் சொல்லும்போதும் டாட்டிவ்தான். தமிழில் பூங்காவில் ஓடுகிறேன், பூங்காவுக்குள் ஓடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். இல் என்றால் டாட்டிவ், போய்ச் சேரும் இடமாகக் க்குள் என்றால் அக்குஸாட்டிவ்.

ஆனால் தமிழும் ஓரிடத்தில் கைவிடுகிறது. 'மேசையில் இருக்கிறது', 'மேசையில் வை' இரண்டுக்கும் நமக்கு ஒரே இல். கேள்வியும் இரண்டுக்கும் 'எங்கே'தான். வகுப்பில் கற்பிக்கும் 'வோ (எங்கே இருக்கிறது), வோஹின் (எங்கே போகிறது)' கேள்விச் சோதனை நம் தலைக்குள் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். இதற்கு வேறு ஒரு வழி தமிழிலேயே இருக்கிறது, வினையைப் பாருங்கள். கிட, நில், இரு என்பவை தன்வினை. கிடத்து, நிறுத்து, இருத்து என்பவை அவற்றின் பிறவினை. ஜெர்மனிலும் அதே மூன்று ஜோடி: லீகன் கிடப்பது, லேகன் கிடத்துவது, ஷ்டேயன் நிற்பது, ஷ்டெல்லன் நிறுத்துவது, ஸிட்ஸன் உட்கார்ந்திருப்பது, ஸெட்ஸன் உட்காரவைப்பது. பிறவினையோடு வரும் இடம் அக்குஸாட்டிவ், தன்வினையோடு வரும் இடம் டாட்டிவ். நோயாளியைக் கட்டிலில் கிடத்துவது 'அவுஃப் டாஸ் பெட்', அவர் கட்டிலில் கிடப்பது 'அவுஃப் டேம் பெட்' அல்லது 'இம் பெட்'. பிறவினைகளின் இறந்தகாலம் ஒழுங்காக 'டெ' சேர்த்து வரும் (லேக்டெ, ஷ்டெல்டெ, ஸெட்ஸ்டெ). தன்வினைகள் உள்ளே உயிர் மாறும் (லாக், ஷ்டன்ட், ஸாஸ்). ஹெங்கன் என்பதற்கு மட்டும் தொங்குவது, தொங்கவிடுவது இரண்டுக்கும் நிகழ்காலத்தில் ஒரே வடிவம். அங்கே பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பி1-இல் வினையும் பிரிபொசிஷனும் சேர்ந்து வரும் ஜோடிகள் நிறைய வரும். அவற்றில் இந்த ஒன்பதும் இடத்தைக் குறிக்காமல் வரும்போது, அவுஃப் பெரும்பாலும் அக்குஸாட்டிவ் (வார்டன் அவுஃப், காத்திருப்பது), யூபர் எப்போதும் அக்குஸாட்டிவ், ஃபோர் எப்போதும் டாட்டிவ் ('பாம்புக்குப் பயம்' என்கிற நம் கு-வோடு ஒத்துப்போகும்). அன்னும் இன்னும் மட்டும் வினைக்கு வினை மாறும், அவற்றைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். பெயரடை விகுதிகளுக்கு ஒரே வரி போதும்: டேர், டீ, டாஸ் வகை வந்தபின் எழுவாய் ஒருமை மூன்றிலும், பெண்பால், அஃறிணைப்பால் அக்குஸாட்டிவ் ஒருமையிலும் 'எ', மற்ற எல்லா இடத்திலும் 'என்'.

பி2 வரும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. புத்தகம் வேகனுக்கு கெனிட்டிவ் என்கிறது, யூடியூபிலும் ஆஸ்பத்திரியிலும் 'வேகன் டேம்' என்று டாட்டிவ் கேட்கிறது. யார் சொல்வது சரி என்று தெரியாமல் தன்னம்பிக்கை போய்விடும். இரண்டுமே உயிரோடு இருக்கின்றன என்பதுதான் உண்மை. வேற்றுமைகள் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கின்றன. நம் மொழியிலேயே பாருங்கள்: கண் உருபு பேச்சில் முற்றாகப் போய்விட்டது, நன்னூல் நீங்கலுக்குரிய ஐந்தாம் வேற்றுமைக்குச் சொன்ன இல் இன்று இடத்தைக் குறிக்கிறது, நீங்கலுக்கு அதன்மேல் இருந்து சேர்த்து 'வீட்டிலிருந்து' என்கிறோம். பேச்சில் 'அவனோட வீடு', 'அவனோட போனேன்' என்று உடைமையும் உடனிகழ்வும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன. ஜெர்மனிலும் பெரும்பாலான வட்டார வழக்குகளில் கெனிட்டிவ் பேச்சிலிருந்து மறைந்து, 'அப்பாவுக்கு அவருடைய வீடு' என்பது போல டாட்டிவால் உடைமையைச் சொல்கிறார்கள். அதற்காகக் கெனிட்டிவ் எல்லா இடத்திலும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ட்ரொட்ஸ் ('இருந்தும்') முதலில் டாட்டிவ் எடுத்தது. ட்ரொட்ஸ்டேம் என்கிற சொல்லில் அந்த டேம் இன்னும் ஒட்டியிருக்கிறது. இன்று எழுத்து ஜெர்மனில் அது கெனிட்டிவுக்கு நகர்ந்துவிட்டது, சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் டாட்டிவும் கேட்கும். டங்க் ('உதவியால்') என்பதும் டாட்டிவிலிருந்து கெனிட்டிவ் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. எனவே தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் வேகன், ட்ரொட்ஸ், வேரென்ட், ஷ்டட் ('பதிலாக') நான்குக்கும் கெனிட்டிவ் எழுதுங்கள். கெமேஸ் ('படி') என்பதற்கு மட்டும் டாட்டிவ். பேச்சில் 'வேகன் மீர்' ('என்னால்') என்று வந்தால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். எழுத்து நடையில் அதற்கு ஈடான 'மைனட்வேகன்' என்பதற்கு 'எனக்கு ஆட்சேபமில்லை' என்கிற பொருளும் வந்துவிட்டதால், 'என்னால்தான்' என்று சொல்ல அதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

தேர்வுக்கு வருவோம். கோத்தே நிறுவனம் நடத்தும் பி1, பி2 தேர்வுகள் இரண்டிலும் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். முழுத் தேர்வுக்கும் மறுபடி பணம் கட்டச் சொல்லிப் பயிற்சி மையத்தில் யாராவது கேட்டால், தேர்வு நடத்தும் இடத்திலேயே நேராக விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். பி2 எழுத்துப் பகுதிக்கு 75 நிமிடம். எழுதி முடித்தபின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சரிபார்ப்பதற்கென்று ஒதுக்கிவையுங்கள், ஆனால் எல்லாவற்றையும் சரிபார்க்கப் போனால் எதுவும் கண்ணில் படாது. நான்கே நான்கு தேடுங்கள். ஹாபன், பிரவுஹன், எஸ் கிப்ட் வந்த இடங்களில் ஆண்பால் பெயருக்கு 'என்' இருக்கிறதா? மிட், பை, ஃபொன், ட்ஸு, நாஹ், ஸைட், அவுஸ் வந்த இடங்களில் டேம், டேர், டேன் சரியா? டாட்டிவ் பன்மைப் பெயர்களின் கடைசியில் 'ன்' சேர்த்தாயிற்றா? பட்ஸியென்ட் (நோயாளி), கொலேகெ (சக ஊழியர்), ஹெர் (திரு), நாமெ (பெயர்) போன்ற ஆண்பால் பெயர்களுக்கு எழுவாய் அல்லாத இடங்களில் விகுதி சேர்த்தாயிற்றா? 'நோயாளியை' என்பது 'டேன் பட்ஸியென்டன்', 'டேன் பட்ஸியென்ட்' என்று விட்டால் பிழை. நர்ஸ்களின் எழுத்தில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதால் இதே பிழையும் திரும்பத் திரும்ப வரும்.

வேலைக்குப் போனபின் வயதான நோயாளிகளின் பேச்சில் இவை எல்லாம் கலைந்து கேட்கும். வடக்கில் தாழ்ஜெர்மன் என்கிற வட்டார மொழி பேசி வளர்ந்தவர்களுக்கு அக்குஸாட்டிவும் டாட்டிவும் ஒரே வடிவம். பெர்லின் பேச்சில் மீரும் மிஹ்ஹும் இடம் மாறும். சுவிட்சர்லாந்தில் எழுவாயும் அக்குஸாட்டிவும் பெயர்ச்சொல்லில் ஒன்றாகிவிட்டன. அவர்கள் பேசுவதைப் பார்த்து உங்கள் இலக்கணத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். புரியவில்லை என்றால், வலி எங்கே, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதை முழு வாக்கியமாகத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, எழுத்து ஜெர்மனில் பதிவேட்டில் எழுதுங்கள்.